பாக்கெட்டுக்கு ஒரு மடக்குக் கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையின் கல்லாவுக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். நாங்கள் இருந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இன்று இல்லை, அந்த நிரைகளில் இப்போது செம்பனை நிற்கிறது. ஆனால் கூர் உள்ள கத்தி எது, கூர் செத்த கத்தி எது என்பதை லயத்து வாசலில்தான் கற்றேன். சின்ன மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில்தான் கத்தி இருக்கிறதே, பாக்கெட்டில் ஒன்று எதற்கு?

நேற்று காலையிலிருந்து என்னென்ன வெட்டினீர்கள், பிய்த்தீர்கள், பல்லால் கடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உர மூட்டையின் தையல் நூல், மோட்டார் சைக்கிள் பின்னால் கட்டிய ராஃபியா கயிறு, பார்சலின் டேப், கோயிலுக்கு இரண்டு வாழையிலை, புதுக் காருக்குப் பூஜை போட எலுமிச்சை, சாலையோரம் நிறுத்தி வாங்கிய மங்குஸ்தீன். இத்தனைக்கும் சாவியையும் பல்லையும் பயன்படுத்துகிறோம். சிலர் சமையல் கத்தியைப் பேப்பரில் சுற்றி மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

ஆனால் உங்கள் வேலை அட்டைப்பெட்டி பிரிப்பது மட்டும் என்றால் மடக்குக் கத்தி வேண்டாம். முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டரே போதும். 1956-இல் ஜப்பானில் ஒக்காடா யோஷியோ என்பவர் கண்டுபிடித்தது அது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. பழம் வெட்ட மட்டும் அதை எடுக்காதீர்கள். அலகில் எண்ணெய் பூசியிருக்கும், பக்கவாட்டில் அழுத்தினால் துண்டு ஒடிந்து பழத்துக்குள்ளேயே போய்விடும்.

எவ்வளவு நீளம் சரி?

அலகு 6 முதல் 7.5 சென்டிமீட்டர். உங்கள் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் ஆப்பிளைப் பாதியாக வெட்ட முடியாது. அதற்கு மேல் போனால் பாக்கெட்டில் துருத்தும், வெளியில் எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் ஓர் அடி பின்னால் போவார். வெட்டுகிற கத்தி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

நீளத்தைக் கேட்கிற அளவுக்குத் தடிமனை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். முதுகுப் பக்கம் 2 மில்லிமீட்டர் போதும். ஓர் எலுமிச்சையை எடுத்து வெட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மெல்லிய அலகு தோலைத் தொட்டதுமே உள்ளே இறங்கும், சாறு பலகையில் ஒரு சொட்டுத்தான் விழும். 3.5 மில்லிமீட்டர் தடித்த அலகு பழத்தைப் பிளக்கும், நசுக்கும், சாறு மணிக்கட்டு வரை வழியும். ‘ஸ்ட்ராங்கா இருக்கு’ என்று சொல்லித்தான் தடித்த கத்தியை வாங்கிப் போகிறார்கள். கடப்பாறை வேலைக்குக் கடப்பாறை தனியாக இருக்கிறது.

லாக் உள்ளதா, இல்லாததா?

மடக்குக் கத்தியில் அலகைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கச் சில வழிகள் உண்டு. பழைய பேனாக்கத்தியில் முதுகுப் பக்கம் ஒரு வில்தகடு மட்டும் இருக்கும். அது அலகை அழுத்திப் பிடிக்கும், ஆனால் பூட்டாது. கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். சுவிஸ் பாக்கெட் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. லாக்பேக்கில் முதுகில் உள்ள கட்டையை அழுத்தினால்தான் மடங்கும். லைனர் லாக்கில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கத்தில் நகர்ந்து வந்து அலகின் அடியைத் தாங்கும். பிரெஞ்சு ஒப்பினெல் கத்தியில் கழுத்தில் ஓர் உலோக வளையம் இருக்கிறது. அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955-இல் சேர்த்தது அது.

நகர வேலைக்கும் வீட்டு வேலைக்கும் லாக் இல்லாததே போதும் என்பது என் கருத்து. அது உங்களை ஒழுங்காக வெட்ட வைக்கும். வெட்டு எப்போதும் கூர்ப்பக்கம் நோக்கித்தான் போக வேண்டும். முனையால் குத்தவோ நெம்பவோ கூடாது. இதை நான் கேட்டுக் கற்கவில்லை, பட்டுக் கற்றேன். கடைக்கு வந்த முதல் வருடம், லாக் இல்லாத கத்தியின் முனையை டுரியான் காம்புப் பக்கம் குத்திப் பிளக்கப் பார்த்தேன். முனை சிக்கியது, கை முன்னால் போனது, அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் இறங்கியது. நான்கு தையல். இன்றும் மழை நாளில் அந்த விரல் நுனி மரத்துப்போகும். தப்பு என்னுடையது. டுரியானைப் பிளக்க மரத்தில் செய்த ஆப்பு இருக்கும்போது பாக்கெட் கத்தியை எடுத்திருக்கவே கூடாது.

தோட்டத்தில், கையுறை போட்டுக்கொண்டு, நனைந்த கயிற்றை அறுக்கிற வேலை உங்களுக்கு இருந்தால் கதை வேறு. கை வழுக்கும் இடத்தில் லாக் வேண்டும். அப்போதும் லாக்கை நம்பி நெம்பாதீர்கள்.

எந்த இரும்பு நல்லது?

இதற்குத்தான் ஆட்கள் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் அடிப்படை தெரிந்திருப்பது நல்லது.

எஃகில் கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர் நிற்கும். குரோமியம் ஏறக்குறைய 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு என்று அழைக்கலாம். கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். விக்டோரினாக்ஸ் கத்திகள் 56 பக்கத்தில் இருக்கும். கொஞ்சம் மென்மைதான், ஆனால் சாதாரணக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் ஏறிவிடும். 60-க்கு மேல் போகும் எஃகு நாள்கணக்கில் கூர் தாங்கும். மழுங்கினால் வீட்டுக் கல்லில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கீழே விழுந்தால் கூர் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

நம் கைக்குக் கிடைக்கும் விலையில் பார்த்தால், ஸ்வீடனின் 12சி27, 14சி28என் என்ற எஃகு வகைகள் இரண்டும் அருமையானவை. சீனத் தயாரிப்புகளில் வரும் 8சிஆர்13எம்ஓவி கொடுத்த காசுக்குத் தோஷமில்லை. டி2 என்று பொறித்ததை எல்லாரும் தேடுகிறார்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தாலும் கார்பன் ஒன்றரை சதவீதம் இருப்பதால் குரோமியத்தின் ஒரு பங்கு அதோடு சேர்ந்து கட்டுண்டுவிடும். அதனால் வியர்வை பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு விழும். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் எழுதாத பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கத்தியில் என்ன இரும்பு என்று விற்பவருக்கே தெரியாது.

நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்காதா?

பிடிக்கும். பேராக்கில் மத்தியான மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கார்பன் எஃகு கத்தியை வியர்த்த பாக்கெட்டில் ஒரு நாள் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியிருக்கும். எலுமிச்சை, மாங்காய், அன்னாசி வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் அன்று மாலையே அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு மட்டும் என்றால் கெடுதல் இல்லை, போகப்போக அதுவே ஒரு காப்பு. ஆரஞ்சு நிறத்தில் வருவதுதான் துரு.

இன்னும் ரப்பர் வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாலை உறைய வைக்கப் பார்மிக் ஆசிட் கலக்கிறோம். அது பட்ட கையோடு கத்தியைத் தொட்டால் கார்பன் எஃகை அரித்துவிடும். அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான்.

மற்றபடி பராமரிப்பு சுலபம். வெட்டியதும் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, திறந்தபடியே கொஞ்ச நேரம் காற்றில் வையுங்கள். மாதம் ஒருமுறை மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயை மூட்டில் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பெயர் சொல்லி ஒன்று இரண்டு சொல்லுங்களேன்?

யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்து வைப்பது சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார், 1897-இல் அவருடைய ஆபீசர் கத்தி பதிவானது. அவருடைய தாயார் பெயர் விக்டோரியா. அதோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்ததுதான் விக்டோரினாக்ஸ். மடக்கிய நிலையில் 84 மில்லிமீட்டர் நீளமுள்ள கேடட் மாடல் சட்டைப் பாக்கெட்டிலேயே நிற்கும். 58 மில்லிமீட்டர் கிளாசிக் சாவிக் கொத்துக்கு நல்லது. டீச்சர் வேலையில் இருக்கும் அக்காமார்கள் அதைத்தான் வாங்குகிறார்கள்.

அடுத்தது ஒப்பினெல். 1890-இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய விவசாயிகளின் கத்தி. ஆறாம் நம்பரின் அலகு 7 சென்டிமீட்டர், எட்டாம் நம்பர் 8.5. வெட்டுவதில் இதை மிஞ்ச ஆளில்லை என்று மனதாரச் சொல்வேன். அலகு அவ்வளவு மெல்லிசு. ஆனால் பிடி பீச் (beech) மரம். நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் வராது. அப்போது பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள், அலகு தானே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களும் அப்படித்தான் திறப்பார்களாம். வாங்கினால் ஸ்டெயின்லெஸ் வகையை வாங்குங்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கையில் வாங்கித் திறந்து பாருங்கள். நகம் வைக்கும் வெட்டு ஆழமாக இருக்கிறதா, நகம் உடையாமல் திறக்கிறதா? முழுதாகத் திறந்து, முதுகை இரண்டு விரலால் பிடித்து இடம் வலம் ஆட்டுங்கள். லேசாக ஆடினால் திருகு முடுக்கிச் சரி செய்யலாம், ஆணி அடித்த கத்தி ஆடினால் திருப்பிக் கொடுங்கள். மடக்கிவிட்டு மேலிருந்து பாருங்கள். அலகு நடுவில் உட்கார வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. மடக்கிய கத்தியின் மேல் விரலை ஓட்டும்போது முனை தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் ஒரு நாள் உங்கள் தொடையிலும் தட்டுப்படும்.

இவ்வளவும் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

போலீஸ் பிடிக்குமா?

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதன்படி ஆயுதமாகலாம். சட்டபூர்வமான நோக்கமில்லாமல் பொது இடத்தில் அதை வைத்திருந்தால் ஆறாவது பிரிவின் கீழ் 5 முதல் 10 ஆண்டு சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். ‘மூணு இஞ்சுக்குக் கம்மியா இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க அண்ணே’ என்று தம்பிகள் என்னிடம் அடித்துச் சொல்கிறார்கள். அது இங்கிலாந்துச் சட்டத்தில் உள்ள விதி. நம் சட்டத்தில் அப்படி ஒரு நீள வரம்பு இல்லை. என்ன வேலைக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் வைத்திருந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

பட்டனை அழுத்தினால் துள்ளித் திறக்கும் கத்தி அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. அதை நான் விற்பதில்லை. இணையத்தில் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

ஆகவே வேலைக்குப் போகும்போது வேலைப் பையில் வையுங்கள். வேலை இல்லாத இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். திருவிழாக் கூட்டம், பந்து விளையாட்டு, இரவுக் கடைத்தெரு, பள்ளிக்கூடம் இவற்றுக்குக் கத்தி வேண்டியதே இல்லை. சாலைத் தடுப்பில் போலீஸ் கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள், என்ன வேலைக்கு என்று சொல்லுங்கள், கையை மட்டும் பாக்கெட்டுக்குள் விடாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. ஏற்றி அனுப்பும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

தற்காப்புக்கு ஒன்று வேண்டும், எது நல்லது?

எதுவும் இல்லை. இந்தக் கேள்வியோடு வருகிறவருக்கு நான் கத்தி விற்பதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுத் தம்பிகள்தான் அதிகம் கேட்கிறார்கள். உட்காரச் சொல்லி, ஒரு மைலோ வாங்கிக் கொடுத்து, யார் தொந்தரவு செய்கிறார்கள் என்று கேட்பேன். கத்தி எடுத்த சண்டையில் கத்தி எடுத்தவனுக்கும் வெட்டு விழுகிறது. மேலே சொன்ன சட்டத்தில் ‘தற்காப்புக்குத்தான் வச்சிருந்தேன்’ என்ற பதில் அவனைக் காப்பாற்றாது. நம் பிள்ளைகள் எத்தனை பேரை இப்படி இழந்திருக்கிறோம். பத்து வெள்ளி லாபத்துக்காக அதில் என் கையும் இருக்க வேண்டாம்.

வீட்டிலேயே எப்படித் தீட்டுவது?

இதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பக்கத்தையே தொடங்கினேன். கூர் செத்த கத்திதான் ஆபத்தானது. கூடுதலாக அழுத்துவோம், அது வழுக்கும்.

அம்மா பால் வெட்டிய காலத்தில் கையில் இருந்தது ஜெபோங் கத்தி, முனை வளைந்து மடிந்திருக்கும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். அதற்கு மேல் போனால் பட்டை சீக்கிரம் தீரும், உள்ளே ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். மழுங்கிய கத்தியால் அந்தக் கணக்கைப் பிடிக்க முடியாது. அதனால் தினமும் விடியுமுன்னே, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மா கல்லோடு குந்தியிருப்பார். கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியை வைத்து, சர்... சர்... என்று ஒரே சீரான சத்தம். சத்தம் மாறினால் கோணம் மாறிவிட்டது என்று அர்த்தம். முடித்ததும் கட்டை விரல் நகத்தின் மேல் கூரை லேசாக வைப்பார், அழுத்த மாட்டார். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் வேண்டும். நகத்தில் பிடித்து நின்றால் கூர் ஏறிவிட்டது.

உங்கள் மடக்குக் கத்திக்கும் அதே முறைதான். இரண்டு பக்கக் கல் ஒன்று வாங்குங்கள், ஒரு பக்கம் 400 அல்லது 600, மறுபக்கம் 1000. எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். கல்லை ஈரத் துணி மேல் வைத்தால் நகராது. அலகைப் படுக்க வைத்து முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். அலகின் அகலம் 12 மில்லிமீட்டர் என்றால் முதுகு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை உயர வேண்டும். இரண்டு சில்லறைக் காசை அடுக்கி முதுகுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். கோணம் 15-லிருந்து 20 பாகைக்குள் நிற்கும். கை பழகியதும் காசு தேவைப்படாது.

ஒரு பக்கமாகவே தேய்த்துக்கொண்டு வாருங்கள். சிறிது நேரத்தில் மறுபக்கத்தில் கூரின் ஓரம் நெடுகப் பிசிறு கிளம்பும். விரலைக் கூருக்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் சொரசொரப்பாகத் தெரியும். பிசிறு அடியிலிருந்து முனை வரை வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பிறகு மறுபக்கம், பிறகு 1000 கல்லில் இரண்டு பக்கமும் மெதுவாக, கையின் பாரம் மட்டும் போதும். கடைசியில் பழைய இடுப்பு வாரின் உள்பக்கத்தில் முதுகு முன்னால் போகும்படி பத்துத் தடவை இழுங்கள். பிசிறு உதிர்ந்துவிடும். பேப்பரின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். கிழியாமல் இறங்க வேண்டும்.

கல்லாவில் வைத்து விற்கும் இழுப்புத் தீட்டியைப் பற்றிக் கேட்பார்கள். அதில் இரண்டு இழுப்பில் கூர் வரும், ஆனால் அது இரும்பைச் சுரண்டி எடுத்துவிடும். நல்ல கத்திக்கு வேண்டாம்.

இடது கைக்காரருக்கு?

லைனர் லாக் கத்திகள் பெரும்பாலும் வலது கைக்குச் செய்தவை. லாக்பேக், வளைய லாக், லாக் இல்லாதது இவற்றில் எந்தச் சிரமமும் இல்லை.

கத்தியைப் பரிசாகக் கொடுக்கலாமா? உறவு அறுந்துவிடும் என்கிறார்களே?

சீன நண்பர்களும் இதையே சொல்வார்கள். வாங்கிக்கொள்பவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது விலைக்கு வாங்கியதாகிவிடும் என்பது பல நாடுகளில் உள்ள பழக்கம். என் கடையில் பத்து சென் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் கொடுத்தவர்கள் உண்டு. நம் வீடுகளில் ஆயுத பூஜைக்குக் கத்திக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். பொட்டு வைத்த பொருளைக் கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தாத்தாவின் பழைய மடக்குக் கத்தி திறக்க மாட்டேன் என்கிறது. தூக்கிப் போடட்டுமா?

போடாதீர்கள். மூட்டில் எண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் வெந்நீரில் கொஞ்சம் சோப்பு போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, மெதுவாகத் திறந்து மூடுங்கள். கொறட்டால் அலகைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒடிந்துவிடும். கறுப்பாக வரும் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து, துணி சுத்தமாக வரும் வரை செய்யுங்கள். மேலாகப் பிடித்த துருவை எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்தால் போய்விடும். எழுத்து பொறித்த இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், யார் செய்த கத்தி என்று அங்கேதான் இருக்கும். அப்படியும் திறக்கவில்லை என்றால் கடைக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.